வேர்ப்பூஞ்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்கோரைசா, வேம், வேர் உட்பூசணம், வேர்ப்பூஞ்சை என்று ஆளுக்கு ஒரு பெயர் சொன்னாலும் பயிர் வளர்ப்பவர்கள் பேசுவது பெரும்பாலும் வேரோடு சேர்ந்து வாழும் ஒரே பூஞ்சைக் கூட்டத்தைப் பற்றித்தான். இதைப் பற்றி ஒரு பக்கம் அளவுக்கு மீறிய புகழ்ச்சி, இன்னொரு பக்கம் 'அதெல்லாம் சும்மா' என்ற அலட்சியம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைச் சொல்லப் பார்க்கிறேன்.

பூஞ்சை என்றாலே நோய்தானே? வேருக்குள் பூஞ்சை போனால் செடி செத்துவிடாதா?

வேர் அழுகல், வாடல் எல்லாம் பூஞ்சையால் வருவதால் இந்தப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் மண்ணில் உள்ள பூஞ்சைகளில் நோய் தருபவை ஒரு சிறு பங்கு. பெரும்பாலானவை இலைதழையை மக்க வைத்துப் பிழைக்கின்றன, இன்னும் சில வேரோடு ஒப்பந்தம் போட்டு வாழ்கின்றன. அந்த ஒப்பந்தக்காரர்கள்தான் வேர்ப்பூஞ்சைகள். நிலத்தில் வளரும் தாவர இனங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இவற்றோடு சேர்ந்தே வாழ்கின்றன, அதாவது வேரில் பூஞ்சை இருப்பதுதான் இயல்பு, இல்லாததுதான் விதிவிலக்கு. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டு பழைய தாவரக் கல்படிவங்களிலேயே இந்த உறவின் தடயம் இருக்கிறது. அந்தத் தாவரங்களுக்கு இன்றைய மாதிரி வேர் கிடையாது. வேர் முழுசாக உருவாவதற்கு முன்பே பூஞ்சை வந்து சேர்ந்துவிட்டது.

வேர்தான் இருக்கிறதே, அதுவே உறிஞ்சிக்கொள்ளாதா? இடையில் பூஞ்சை எதற்கு?

எல்லாச் சத்துக்கும் பூஞ்சை தேவையில்லை. நைட்ரேட் வடிவில் இருக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தண்ணீரோடு கரைந்து தானாகவே வேருக்கு வந்துவிடும், மண்ணில் ஈரம் இருந்தால் போதும். சிக்கல் மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில். அது மண்ணில் நகரவே நகராது. அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடு சேர்ந்துகொள்ளும், மிச்சம் கொஞ்சூண்டுதான் மண் நீரில் கரைந்த நிலையில் இருக்கும். வேர் தன் பக்கத்தில் உள்ள அந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சி முடித்ததும் அதைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு மணிச்சத்தே இல்லாத ஒரு வெற்று வளையம் உண்டாகிவிடுகிறது. அதற்கு அப்பால் எவ்வளவு இருந்தாலும் அது வேரை நோக்கி வருவது ஆமை வேகம்கூட இல்லை, நாள் முழுக்க மில்லிமீட்டரில் ஒரு துளி பங்கு நகர்ந்தால் பெரிது.

பூஞ்சை இழை அந்த வெற்று வளையத்தைத் தாண்டிப் போகிறது. இழையின் தடிமன் 2 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மெல்லிய வேரே நூறு இருநூறு மைக்ரான் இருக்கும், அதனால் வேரும் வேர்த்தூவியும் நுழைய முடியாத மண் துளைக்குள் இழை நுழைந்துவிடும். வேரிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் இருந்த மணிச்சத்தைக்கூட இழைகள் எடுத்து வந்ததைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். செலவுக் கணக்கும் இருக்கிறது: அதே தூரத்துக்கு வேர் வளர்ப்பதைவிட இழை வளர்க்க ஆகும் கார்பன் மிகமிகக் குறைவு.

உள்ளே என்னதான் நடக்கிறது? எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது?

மணிச்சத்துப் பற்றாக்குறை வந்ததும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது. பக்கத்தில் முளைத்துக் கிடக்கும் பூஞ்சை வித்தின் இழை அதை உணர்ந்ததும் சடசடவென்று கிளைவிட ஆரம்பிக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது 2005-இல்தான், ஆனால் அதே பொருள் வேறொரு காரணத்துக்காக அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தது: சோளம், கரும்பு வேர்களில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதையும் இதை மோப்பம் பிடித்துத்தான் முளைக்கிறது. செடி நண்பனுக்கு விடும் அழைப்பைத் திருடனும் கேட்டுவிடுகிறான்.

இழை வேரின் மேல்தோலில் ஒட்டி, உள்ளே புகுந்து, புறணிச் செல்களுக்குள் போய்க் குட்டி மரம் போலக் கிளைகிளையாகப் பிரிகிறது. இதற்கு ஆர்பஸ்கியூல் என்று பெயர். செல்லுக்குள் போனாலும் செல்லின் சவ்வைக் கிழிப்பதில்லை, சவ்வு அந்தக் கிளைகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கூடவே வளர்கிறது. அந்தப் போர்வையில்தான் கொடுக்கல் வாங்கல் எல்லாம். மணிச்சத்தை இறக்கிக்கொள்ளத் தனிக் கடத்திப் புரதங்களைச் செடி அங்கே மட்டும் வைத்திருக்கிறது. ஒரு ஆர்பஸ்கியூலின் ஆயுள் சில நாள்தான், அது சுருங்கி மறைந்ததும் வேறு செல்லில் புதிது முளைக்கும்.

வெளியே மண்ணில் எடுத்த பாஸ்பேட்டை இழை அப்படியே அனுப்புவதில்லை, சங்கிலியாகக் கோத்துப் பாலிபாஸ்பேட்டாக மாற்றி அனுப்புகிறது. இழைக்குள் குறுக்குச் சுவர் கிடையாது, ஒரே நீளக் குழாய், அதற்குள் உயிர்ப்பொருள் ஓடிக்கொண்டே இருப்பதால் சரக்கு வேர் வரைக்கும் தடையில்லாமல் வந்து, அங்கே மறுபடி உடைக்கப்பட்டுச் செடிக்குப் போகிறது. மண்ணில் நாள் கணக்கில் ஊர்ந்தும் வந்து சேராத சத்து குழாய்க்குள் ஏறியதும் விறுவிறுவென்று வந்துவிடுகிறது. பூஞ்சையின் மொத்தச் சேவையும் இதில் அடங்கிவிடும் என்றே சொல்வேன்.

மணிச்சத்து மட்டும்தானா?

முதன்மையாக அதுதான். அடுத்து துத்தநாகம், செம்பு, ஏனென்றால் அவையும் மண்ணில் நகராதவை. தழைச்சத்தையும் எடுக்கிறது, அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலமாக மாற்றி வேருக்குக் கடத்துகிறது, ஆனால் பயிரின் மொத்தத் தேவையில் அது எவ்வளவு பங்கு என்பது சூழலுக்குச் சூழல் மாறுகிறது. 'இதைப் போட்டால் யூரியாவே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் உயிரி இல்லை.

பயறு வகைகளில் மட்டும் ஒரு சுவாரசியம் உண்டு. வேர் முடிச்சில் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்க மணிச்சத்து நிறையத் தேவை, அதைப் பூஞ்சை கொண்டுவந்து தருகிறது. இருவரையும் வேருக்குள் விடச் செடி பயன்படுத்தும் மரபணுக்களில் ஒரு தொகுதி இரண்டுக்கும் பொது.

சும்மா கொடுக்காதே, பூஞ்சைக்கு என்ன லாபம்?

செடி ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் கார்பனில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சர்க்கரையாக மட்டும் போகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள், 2017-இல் வந்த ஆய்வுகள் கொழுப்பு அமிலமும் போகிறது என்று காட்டின. கொழுப்பு அமிலத்தை அடிப்படையிலிருந்து தயாரிக்கும் வசதியே இந்தப் பூஞ்சைக்குக் கிடையாது. அதனால்தான் இது வேர் இல்லாமல் வளராது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்குமா?

விளம்பரங்களில் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் கரைப்பது இதன் முக்கிய வேலை இல்லை. ஏற்கெனவே கரைந்த நிலையில் உள்ளதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதுதான் இதன் பலம். அமிலம் சுரந்து கரைக்கும் வேலையைச் செய்வது பாஸ்போபாக்டீரியா மாதிரி நுண்ணுயிர்களும் சில பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைகளும். அவை கரைத்ததை மண் மறுபடி பிடித்துக்கொள்வதற்குள் இழை அள்ளிக்கொண்டு போகும், அதனால் இரண்டும் சேர்ந்திருப்பது நல்லது. மணிச்சத்தே இல்லாத மண்ணில் எந்தப் பூஞ்சையாலும் அதை உண்டாக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாப் பயிருக்கும் உதவுமா?

இல்லை. முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பம் முழுவதும் இந்தப் பூஞ்சையைச் சேர்ப்பதில்லை. பீட்ரூட், பாலக், தண்டுக்கீரை வகைகளும் அப்படியே, சேர்த்தாலும் பெயருக்குத்தான். இவற்றுக்குப் போடுவது வீண் செலவு. இன்னொன்று, கடுகோ கோஸோ எடுத்த கையோடு அதே நிலத்தில் வரும் மக்காச்சோளம் போன்ற பயிருக்கு வேரில் பூஞ்சை ஏறுவது தாமதமாகலாம், ஒரு பருவம் முழுக்கப் பூஞ்சைக்குச் சாப்பாடு இல்லையே.

மறுபக்கம், வெங்காயம், பூண்டு, மரவள்ளி, எலுமிச்சை வகைகள், வாழை, பப்பாளி, திராட்சை, மிளகாய், பயறு வகைகள் எல்லாம் நன்றாகச் சேர்த்துக்கொள்பவை. ஒரு வெங்காயச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்: தடித்து, கிளை அதிகம் இல்லாமல், வேர்த்தூவியும் அரிதாக, மழமழவென்று இருக்கும். இப்படிப்பட்ட வேரால் தனியாக மணிச்சத்தைத் தேடி அலைய முடியாது. மரவள்ளியும் அதே ரகம். புல் இனப் பயிர்களுக்கு நார்நாராக மெல்லிய வேர்கள் நிறைய இருப்பதால் கோதுமை போன்றவை பூஞ்சை இல்லாமலும் ஓரளவு சமாளித்துவிடும். நெல்லில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் வேரில் பூஞ்சை குறைவு, காற்றோட்டமான புழுதி விதைப்பில் கூடுதல்.

டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் என்று மணிச்சத்து உரம் போடுகிறேன். கூடவே இதையும் போடலாமா?

போடலாம், ஆனால் பயன் குறையும். செடிக்கு மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் அழைப்பு விடுவதையே நிறுத்திக்கொள்கிறது, வேரில் பூஞ்சை ஏறும் அளவு குறைந்துவிடுகிறது. செடியின் பக்கமிருந்து பார்த்தால் அது புத்திசாலித்தனம்தான், தேவையில்லாத தரகருக்கு ஏன் கமிஷன் கொடுக்க வேண்டும்?

இது ரசாயன உரத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கோழி எருவில் மணிச்சத்து மிக அதிகம், அதை வருடா வருடம் அள்ளிக் கொட்டும் நிலத்திலும் இதே கதைதான். இயற்கை வழி என்பதால் பூஞ்சை செழிக்கும் என்று எண்ணுபவர்கள் ஒருமுறை மண் பரிசோதனை அறிக்கையில் மணிச்சத்து அளவைப் பார்த்துவிடுவது நல்லது. அளவு 'அதிகம்' என்று வந்தால் முதலில் செய்ய வேண்டியது மணிச்சத்து உரத்தைக் குறைப்பது. அது காசு மிச்சம் பிடிக்கும், பூஞ்சையும் தானாகத் திரும்பும். அளவு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் உரத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

என் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிரோ களையோ வளரும் நிலமாக இருந்தால் பெரும்பாலும் இருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கண்ணால் பார்க்க ஒரு சின்ன அடையாளம் உண்டு: மக்காச்சோளம், வெங்காயம் இவற்றின் வேரைப் பிடுங்கியதும் கழுவிப் பார்த்தால், பூஞ்சை நன்றாக ஏறிய பகுதி லேசான மஞ்சளாக இருக்கும். வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் அந்த நிறம் போய்விடும். இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஒரு துப்பு, அவ்வளவே.

உறுதியாகப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும், வேரை நிறமேற்ற வேண்டும். ஆய்வகங்களில் டிரிபான் நீலம் என்ற சாயம் பயன்படுத்துவார்கள், ஆனால் 1998-இல் சிலர் சாதாரணப் பேனா மையும் வினிகரும் போதும் என்று காட்டிவிட்டார்கள். மெல்லிய வேர்த் துண்டுகளை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில நிமிடம் கொதிக்கவிட்டால் செல்லுக்குள் இருப்பதெல்லாம் கரைந்து வேர் கண்ணாடி மாதிரி வெளுத்துவிடும், அப்புறம் நன்றாக அலசி, 5 சதவீதம் மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் போட்டு வைத்தால் மிச்ச மை வெளியேறிவிடும். நுண்ணோக்கியில் வைத்தால் வெளிறிய செல்களுக்கு நடுவே கரும்நீல இழைகள் நீளவாக்கில் ஓடுவதும், சில செல்களில் பொடிப்பொடிக் கிளைகளும், ஆங்காங்கே உருண்டையாகக் கொழுப்புப் பைகளும் தெரியும். முதல்முறை பார்க்கும்போது கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்யும். ஒரு எச்சரிக்கை: அந்தக் காரக் கரைசல் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், சமையலறையில் செய்யவே வேண்டாம். பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் யாரையாவது துணைக்குப் பிடியுங்கள்.

அப்போ கடையில் விற்கும் வேர்ப்பூஞ்சைப் பாக்கெட் வாங்கணுமா, வேண்டாமா?

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான். என் கருத்து: பூஞ்சை இல்லாத இடத்துக்கு வாங்குங்கள், இருக்கும் இடத்துக்கு யோசித்து வாங்குங்கள்.

இல்லாத இடம் என்றால், தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டு, வெப்பத்தாலோ மருந்தாலோ நுண்ணுயிர் நீக்கிய நாற்றங்கால் மண், மேல்மண் அடித்துப் போன சரிவு, சுரங்கம் தோண்டிப் போட்ட மண், நீண்ட காலம் வெறுமனே கிடந்த நிலம். அமெரிக்காவில் எலுமிச்சை, ஆரஞ்சு நாற்றங்கால்களில் நோய்க்குப் பயந்து மண்ணைப் புகைமூட்டி நுண்ணுயிர் நீக்கியபோது நாற்றுகள் குட்டையாகி வெளிறி நின்றன. மருந்தின் நச்சு என்றே பலர் நினைத்தார்கள். வேர்ப்பூஞ்சை செத்துப்போனதால் வந்த பட்டினி அது என்று 1972-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூஞ்சை சேர்த்ததும் நாற்று தேறிவிட்டது.

இருக்கும் இடத்தில் போட்டால் என்ன ஆகும்? சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் போட்டுப் பார்த்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். சில வயலில் வளர்ச்சி 40 சதவீதம் வரை கூடியது, சில வயலில் 12 சதவீதம் வரை குறைந்தது. எங்கே கூடியது என்று தேடினால், மண்ணில் நோய்ப் பூஞ்சைகள் அதிகம் இருந்த வயல்களில்தான் பெரும்பாலும் பலன். அதாவது அங்கே பூஞ்சை உணவு ஊட்டியதைவிட வேரைக் காவல் காத்ததுதான் பெரிய உதவியாக இருந்திருக்கலாம். ஒரே பொருள், ஒரே பயிர், வயல் மாறினால் பலன் தலைகீழ். அதனால் 'எல்லா மண்ணுக்கும் 30 சதவீதம் கூடுதல் மகசூல்' என்று அட்டையில் போட்டிருந்தால் அட்டையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

தரமும் ஒரு தொல்லை. விற்பனையில் உள்ள பொருட்களைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், கணிசமானவை சுத்தமான மண்ணில்கூட வேரில் ஏறவில்லை. வித்து எண்ணிக்கை எழுதியிருக்கும், அந்த வித்து உயிரோடு இருக்கிறதா என்பது எழுதியிருக்காது. தயாரித்த தேதி, காலாவதி, பூஞ்சை இனத்தின் பெயர் இவை இல்லாத எதையும் வாங்காதீர்கள். ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ், ஃபன்னலிஃபார்மிஸ் மோசியே என்ற இரண்டும் அதிகம் புழங்கும் பெயர்கள். பழைய அட்டைகளில் இவற்றைக் குளோமஸ் என்றே எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

எப்படி, எப்போது போடுவது?

ஒரே விதிதான், பூஞ்சை வேரைத் தொட வேண்டும். விதைக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே மெல்லிய படலமாகப் போட்டு மேலே விதையுங்கள், முளைக்கும் வேர் அதன் வழியாகவே இறங்கும். நாற்றங்காலில் போடுவதுதான் மிகச் சிக்கனம், கொஞ்சம் பொருளில் ஆயிரக்கணக்கான நாற்றுகள் பூஞ்சை ஏறிய வேரோடு வயலுக்குப் போகும். மரக்கன்று நடும்போது குழியில் வேர்ப்பந்து தொடும் இடத்தில் போடுங்கள். வளர்ந்த பயிருக்கு மண்ணின் மேலே தூவினால் பெரிதாக ஒன்றும் நடக்காது, இலையில் தெளிப்பது சுத்த வீண்.

வேரில் ஏறி நிலைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குறுகிய கால கீரைக்குப் போட்டுவிட்டு காத்திருப்பதில் அர்த்தமில்லை.

சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் பெருக்கலாமா?

முடியாது. பாக்டீரியா உரங்களும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையும் அப்படிப் பெருகும், இது பெருகாது, மேலே சொன்ன கொழுப்பு அமில விஷயம்தான் காரணம். கரைசலில் வாசனையாக நுரைத்து வருவது வேறு ஏதோ ஒரு ஈஸ்ட்.

பெருக்க வேண்டுமானால் உயிருள்ள வேர் வேண்டும். மணலும் மண்ணும் கலந்து நுண்ணுயிர் நீக்கி, தொட்டியில் நிரப்பி, நம்பகமான தாய்ப்பூஞ்சையைப் போட்டு, சோளமோ மக்காச்சோளமோ விதைத்து, மணிச்சத்து உரம் கொடுக்காமல் மூன்று நான்கு மாதம் வளர்த்து, கடைசியில் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டால் பூஞ்சை வித்துகளை உண்டாக்கும். செடியை வெட்டிவிட்டு வேரைப் பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்தால் அதுதான் உங்கள் உரம். வித்து அரை மில்லிமீட்டர் வரைகூட இருக்கும், வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று உருண்டையாக, நல்ல கைலென்ஸில் தெரியும். ஆபத்து ஒன்றுதான்: தொட்டியில் நூற்புழுவோ வாடல் நோயோ புகுந்திருந்தால் அதையும் சேர்த்தே வயலுக்குக் கொண்டுபோவீர்கள். வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் முழுத் தொட்டியையும் தூக்கி எறியுங்கள்.

டிரைக்கோடெர்மாவும் இதுவும் ஒன்றா? சேர்த்துப் போடலாமா?

ஒன்று இல்லை. டிரைக்கோடெர்மா மக்கும் பொருளிலும் மற்றப் பூஞ்சைகளின் மேலும் வாழ்வது, நோய்ப் பூஞ்சையைத் தின்று ஒடுக்குவதற்குத்தான் அதைப் போடுகிறோம். நல்லவனையும் தின்றுவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வகத் தட்டில் சில ரகங்கள் வேர்ப்பூஞ்சை இழையைத் தாக்கியதைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மண்ணில் இரண்டும் சேர்ந்தே நல்ல பலன் தந்த சோதனைகளும் உண்டு. நானாக இருந்தால் முதலில் வேர்ப்பூஞ்சை, இரண்டு மூன்று வாரம் கழித்து மற்றது என்று போடுவேன்.

பூஞ்சணக்கொல்லி அடித்தால் செத்துவிடுமா?

எது, எங்கே என்பதைப் பொறுத்தது. இலையில் தெளிக்கும் தொடுமருந்துகளால் மண்ணுக்குள் பெரிய சேதம் இல்லை. மண்ணில் ஊற்றும் ஊடுருவும் மருந்துகளில்தான் கவனம் வேண்டும், குறிப்பாகக் கார்பென்டசிம். அதன் தாய்ப்பொருளான பெனோமிலை, வயல் ஆய்வுகளில் வேர்ப்பூஞ்சையை வேண்டுமென்றே ஒடுக்குவதற்கே பயன்படுத்துகிறார்கள், அதற்கு மேல் சான்று தேவையில்லை. விதை நேர்த்திக்கு அதைப் பயன்படுத்திவிட்டு அதே விதைக்குக் கீழே வேர்ப்பூஞ்சை போடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது.

பாக்கெட்டே வாங்காமல், இருக்கும் பூஞ்சையை எப்படிப் பெருக்குவது?

வருடத்தில் முடிந்தவரை அதிக நாள் நிலத்தில் உயிருள்ள வேர் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீண்ட காலம் தரிசு போட்ட நிலத்தில் அடுத்து விதைத்த சூரியகாந்தி, ஆளி போன்றவை மணிச்சத்தும் துத்தநாகமும் கிடைக்காமல் சோர்ந்து நின்றன. 'ஓய்வெடுத்த' மண் இன்னும் நன்றாக விளைய வேண்டாமா என்று எல்லோரும் குழம்பினார்கள். வேர் இல்லாமல் பூஞ்சை வித்துகள் குறைந்துபோனதுதான் காரணம் என்று 1987-இல் சொன்னார்கள். இடைப்பருவத்தில் ஒரு பயறோ தட்டைப்பயறோ சணப்பையோ விதைத்து வைத்தால் இந்தப் பிரச்சினை வராது.

அடுத்தது உழவு. ஒவ்வொரு தடவை ரொட்டவேட்டர் ஓட்டும்போதும் மண்ணில் விரிந்திருக்கும் இழை வலை துண்டு துண்டாகிறது. வலை அப்படியே இருந்தால் புதிதாக முளைக்கும் நாற்று அதில் கையைக் கொடுத்துச் சேர்ந்துகொள்ளும், முதல் வாரத்திலிருந்தே மணிச்சத்து வரும். உழாத மண்ணில் மக்காச்சோளக் கன்றுகள் ஆரம்பத்திலேயே கூடுதல் மணிச்சத்து எடுத்ததைக் கனடாவில் பல சோதனைகளில் பார்த்தார்கள். உழவையே விட முடியாதவர்கள் ஒரு தடவை ஓட்டுவதைக் குறைத்தாலும் பலன் உண்டு.

நியாயமாக இன்னொரு தரப்பையும் சொல்ல வேண்டும். 2018-இல் இரண்டு ஆய்வாளர்கள், தானியப் பயிரில் விவசாயி வேர்ப்பூஞ்சையைப் பற்றித் தனியாகக் கவலைப்படத் தேவையில்லை, உழவையும் பயிர்ச் சுழற்சியையும் மற்றக் காரணங்களுக்காக முடிவு செய்தாலே போதும் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு பலர் மறுப்பு எழுதினார்கள், மண் கட்டமைப்பு, நீண்ட கால நன்மை எல்லாம் கணக்கில் வர வேண்டும் என்பது அவர்கள் வாதம். கோதுமைக்கு முதல் தரப்பும், வெங்காயத்துக்கும் மரவள்ளிக்கும் இரண்டாம் தரப்பும் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

வறட்சியையும் நோயையும் தாங்கும் என்கிறார்களே?

ஓரளவு. மணிச்சத்து நன்றாகக் கிடைத்த செடி எதையும் கூடுதலாகத் தாங்கும், இழைகள் மண் துகள்களைக் கட்டிப் பிடிப்பதால் மண்ணும் ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கும். வேர்ப்பூஞ்சை ஏறிய இடத்தில் வேர் அழுகல் பூஞ்சைக்கும் நூற்புழுவுக்கும் இடம் குறைகிறது. ஆனால் முன்கூட்டியே ஏறியிருந்தால்தான் இதெல்லாம், நோய் வந்தபின் போடுவதற்கு இது மருந்து இல்லை.

பைன், தைல மரங்களுக்கும் இதே பூஞ்சைதானா?

பைன் மரத்துக்கு வேறு. அதன் பூஞ்சை செல்லுக்குள் போகாது, வேர் நுனியைச் சுற்றி உறை மாதிரி போர்த்திக்கொண்டு செல்களுக்கு இடையில் வலை பின்னும், மழைக்குப் பின் மரத்தடியில் காளானாகவும் தலைகாட்டும். போர்ட்டோ ரிக்கோவில் பல காலம் பைன் நட்டும் வளரவே இல்லை, பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் வளர்ந்தது. தைல மரம் இரண்டு வகையையும் சேர்த்துக்கொள்ளும். வாங்கும்போது எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள், பைன் பூஞ்சையைத் தக்காளிக்குப் போட்டுப் பயனில்லை.

போட்டேன், செடி பெரிதாக வளரவில்லை. பூஞ்சை வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

அவசியம் இல்லை. 2003-இல் கதிரியக்கப் பாஸ்பரஸ் வைத்துச் செய்த ஒரு சோதனையில், பூஞ்சை ஏறிய தக்காளிச் செடி ஏறாத செடியைவிடப் பெரிதாக வளரவில்லை. ஆனால் உள்ளே வந்த மணிச்சத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் கிட்டத்தட்ட அத்தனையும் பூஞ்சை வழியாகவே வந்திருந்தது. பூஞ்சை வந்ததும் வேர் தன் சொந்த உறிஞ்சும் வழியைச் சுருக்கிக்கொண்டுவிட்டது.

உங்கள் வயலில் பலன் உண்டா என்று தெரிய வேண்டுமானால் முழு வயலிலும் போடாதீர்கள். நாலைந்து வரிசை போட்டு, நாலைந்து வரிசை விட்டு, இப்படி மாற்றி மாற்றி வையுங்கள், மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். கூடுமானால் ஒரு பகுதிக்கு மணிச்சத்து உரத்தைக் குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிவதானால் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். அறுவடையில் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள், கண் மதிப்பை நம்ப வேண்டாம்.